எந்த வீட்டுப் பச்சை

போன வாரம் ஒரு சாயங்காலம் மேல் வீட்டு அக்கா துணிப்பையோடு வந்தார். பைக்குள் சுருட்டி வைத்த பச்சை பெல்ட் ஒன்று. பின்னாலேயே அவர் மகள், ஆறாம் வகுப்பு படிக்கிறவள், முகம் வாடி நின்றாள்.

"தம்பி, நீங்க கராத்தே கத்துக்கிட்டவராச்சே, நீங்களே சொல்லுங்க. கரூர்ல மூணு வருஷம் விடியக்காலையில எழுந்து போய் பச்சை வரைக்கும் வாங்கியிருக்கா. மாத்தலாகி இங்க வந்து புது கிளாஸ்ல சேர்த்தா, வெள்ளை கட்டிக்கிட்டு வரச் சொல்றார் மாஸ்டர். சர்டிபிகேட் எல்லாம் காட்டியாச்சு. அஞ்சாவது பாஸ் பண்ணின பிள்ளையை ஊர் மாறினா மறுபடி ஒண்ணாவதுலயா உட்கார வைப்பாங்க?"

"உட்காருங்கக்கா, டீ போடறேன். இது ஒரு டம்ளர் டீயில முடியற கதை இல்லை" என்று அடுப்பைப் பற்றவைத்தேன்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. கராத்தே பெல்ட்டைப் பள்ளிக்கூட வகுப்பு மாதிரிதான் எல்லோரும் நினைக்கிறோம். வெள்ளை ஒன்றாம் வகுப்பு, கறுப்பு கடைசி வகுப்பு, நடுவில் இருப்பதெல்லாம் படிகள். பள்ளிக்கூடத்துக்கு அரசு இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது, ஐந்தாம் வகுப்புக் கணக்கில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பச்சை பெல்ட்டில் என்ன இருக்க வேண்டும் என்று உலகத்துக்கே பொதுவாக எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

தண்ணீர் கொதிப்பதற்குள் சின்னவளிடம் கேட்டேன். "கரூர்ல கலர் எப்படி வரும், சொல்லு."

"வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன், பிளாக். இங்க தலைகீழா இருக்கு மாமா. நீலம் கட்டின அண்ணன் மஞ்சள் கட்டின அக்காவுக்குப் பின்னாடி நிக்கிறான். மாஸ்டர் மறந்துபோய் மாத்தி நிறுத்திட்டாருன்னு நினைச்சேன்."

"மாத்தி நிறுத்தலைம்மா. நீ சேர்ந்திருக்கிறது கியோக்குஷின் கிளாஸ். அங்க வெள்ளைக்கு அப்புறம் ஆரஞ்சு, அதுக்கு மேல நீலம், அதுக்கும் மேலதான் மஞ்சள். பிறகு பச்சை, பிரவுன், கறுப்பு."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், கராத்தே என்கிற ஒன்றையே சந்தேகிக்கிற மாதிரி இருந்தது. அதனால் கதையை ஆரம்பத்திலிருந்தே சொல்ல வேண்டியதாயிற்று.

ஆரம்பம் கராத்தேயில் இல்லை, ஜூடோவில். 1882-ல் டோக்கியோவில் ஏஷோஜி என்ற புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கிற அளவு இடத்தில் ஜிகோரோ கனோ என்ற இளைஞர் ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். கொடோகான் என்று பெயர். அப்போது அவருக்கு வயது 22 கூட ஆகவில்லை. தொழிலால் ஆசிரியர், பிற்காலத்தில் டோக்கியோவின் உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவரானவர். பெல்ட் முறையின் வேர் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். சண்டை கற்றுக்கொடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். மாணவன் எங்கே நிற்கிறான் என்று அவனுக்கே தெரிய வேண்டும் என்று நினைப்பது ஆசிரியர் புத்தி.

அதற்கு முன்னால் ஜப்பானில் இருந்தது சுருள் முறை. ஜுஜுத்சு, வாள்வித்தை எதுவானாலும் குரு தன் சீடனுக்கு ஓலை மாதிரி ஒரு காகிதச் சுருள் கொடுப்பார். இந்தந்த வித்தைகள் வரை இவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்பது அதில் இருக்கும். கிரிகாமி, மொகுரோக்கு, மென்க்யோ, எல்லாவற்றுக்கும் மேலே மென்க்யோ கைடென். கைடென் வாங்கிவிட்டால் குருவிடம் கற்க மிச்சம் எதுவும் இல்லை என்று அர்த்தம். ஒரு சுருளுக்கும் அடுத்த சுருளுக்கும் இடையே எத்தனையோ வருஷங்கள் போய்விடும். நம் ஊர் சிலம்பத்திலும் ஆசான் எதுவரை சொல்லிக்கொடுத்தார் என்பதுதான் பேச்சாக இருந்தது; இடுப்பில் கட்டிய துணியின் நிறத்தை யாரும் பார்த்ததில்லை.

கனோ இந்தச் சுருள்களை ஒதுக்கிவிட்டு, 'கோ' என்கிற பலகை விளையாட்டில் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்க ஏற்கெனவே வழக்கில் இருந்த 'டான்' என்ற படிநிலையை எடுத்துக்கொண்டார். 1883-ல் சைகோ ஷிரோ, தொமிதா சுனேஜிரோ என்ற இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். அந்த நாளில் இடுப்பில் எந்த அடையாளமும் இல்லை. சில ஆண்டுகள் கழித்துத்தான் டான் வாங்கியவர்கள் கறுப்பு இடைக்கச்சை கட்டும் வழக்கம் வந்தது. இன்று நாம் பார்க்கிற தடித்த பருத்திச் சட்டையும் அதன்மேல் கட்டுகிற பெல்ட்டும் ஏறத்தாழ 1907 வாக்கில்தான் உருவம் பெற்றன. நிறம் இரண்டே இரண்டு: கறுப்பு, வெள்ளை. டான் உள்ளவர், டான் இல்லாதவர். அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

"அப்ப கலர் எல்லாம்?" என்றார் அக்கா.

கலருக்குப் போகும் முன் உள்ளே போய் என் கறுப்பு பெல்ட்டை எடுத்து வந்து சின்னவள் மடியில் வைத்தேன். இருபது வருஷப் பெல்ட். முடிச்சு விழுகிற இடத்தில் கறுப்பு நூல் உரசி உரசிப் போய் உள்ளே இருக்கிற வெள்ளைப் பருத்தி எட்டிப்பார்க்கிறது. ஓரங்கள் பிய்ந்து பஞ்சு பஞ்சாக நிற்கின்றன. அவள் அந்த வெள்ளையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வெள்ளை பெல்ட்டைத் துவைக்காம கட்டிக் கட்டி அழுக்கேறித்தான் கறுப்பாச்சுன்னு எங்க பழைய மாஸ்டர் சொன்னார் மாமா."

இந்தக் கதையை உலகம் முழுக்கச் சொல்கிறார்கள், கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் நடந்தது அப்படி இல்லை. கறுப்பு பெல்ட் முதலிலிருந்தே கறுப்பாகத்தான் கொடுக்கப்பட்டது. உண்மையில் தேய்மானம் எதிர்த் திசையில் நடக்கிறது. கறுப்பு தேய்ந்தால் வெள்ளை வரும். அவள் கையிலிருந்த பெல்ட்டே அதற்குச் சாட்சி.

கணக்கு எண்ணுகிற விதத்தையும் அவர்களுக்குச் சொன்னேன், ஏனென்றால் பெரும்பாலான பெற்றோருக்கு அது குழப்பம். கறுப்புக்குக் கீழே இருப்பவை 'கியூ'. பத்தாம் கியூவில் தொடங்கி ஒன்பது, எட்டு என்று இறங்கி முதல் கியூவுக்கு வர வேண்டும். அங்கே வாசல். வாசலைத் தாண்டினால் டான், இப்போது ஒன்று, இரண்டு என்று ஏறும். அந்த முதல் டானுக்கு ஜப்பானியப் பெயர் 'ஷோடான்'. ஷோ என்றால் தொடக்கம். கறுப்பு பெல்ட்டின் பெயரிலேயே ஆரம்பம் என்று இருக்கிறது.

"பிளாக் பெல்ட்னா மாஸ்டர் இல்லையா?"

"ஜப்பான்ல இல்லைக்கா. கொடோகான்ல 14 வயசு ஆனா ஷோடானுக்குப் போகலாம். ஹைஸ்கூல் பசங்க இடுப்புல கறுப்பு இருக்கிறது அங்க சாதாரணம். அடிப்படை கைக்கு வந்திருச்சு, இனிமே சொல்லிக்கொடுக்கலாம்னு அர்த்தம். வித்தை முடிஞ்சதுன்னு இல்லை."

வாசலைத் தாண்டிய பிறகு ஜூடோவில் நிறம் இப்படிப் போகிறது. ஐந்தாம் டான் வரை கறுப்பு. ஆறிலிருந்து எட்டு வரை சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக வரும் பெல்ட். ஒன்பதுக்கும் பத்துக்கும் முழுச் சிவப்பு. இத்தனை படிகளை அமைத்த கனோ தனக்கென்று எந்த டானும் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது கலருக்கு வருகிறேன். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று பிள்ளைகள் ஒப்பிக்கிற வரிசை ஜப்பானில் பிறந்ததல்ல, ஐரோப்பாவில் பிறந்தது. 1918-ல் குஞ்சி கொய்சுமி லண்டனில் புடோக்குவாய் என்ற சங்கத்தைத் தொடங்கினார். 1920-களின் பிற்பகுதியில் அங்கே கலர் பெல்ட்டுகள் புழக்கத்துக்கு வந்திருந்தன. பிறகு 1935-ல் பாரிசுக்கு வந்து ஜூடோ கற்றுக்கொடுத்த மிக்கினோசுகே கவாய்ஷி அந்த வண்ண வரிசையை ஒழுங்காக நிலைநிறுத்தினார். காரணம் எளிது. ஜப்பானில் ஒரு பையன் பள்ளியிலேயே ஜூடோவைப் பார்த்து வளர்கிறான். இரண்டு மூன்று வருஷம் வெள்ளையோடு காத்திருப்பது அவனுக்குப் பாரமில்லை. பாரிசில் வேலை முடிந்து ராத்திரி கிளாசுக்கு வருகிற ஆளுக்குத் தான் நகர்கிறோம் என்று ஏதாவது ஒன்று கண்ணில் பட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் நின்றுவிடுவார். தூரம் மாறாமல் நடுவில் மைல்கல் நட்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் செய்கிற காரியம்தான்.

டீயை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். சின்னவளுக்குப் பால் அதிகம், சர்க்கரை அதிகம்.

கராத்தே இந்தக் கதைக்குள் நடுவில் வந்து சேர்கிறது. அதன் பிறப்பிடமான ஒகினாவா தீவில் அந்தக் காலத்தில் கறுப்பு பெல்ட்டும் இல்லை, டானும் இல்லை. கிச்சின் ஃபுனாகோஷி 1922-ல் அங்கிருந்து டோக்கியோ வந்தபோது அவரை வரவேற்று கொடோகானில் செய்து காட்டச் சொன்னவரே கனோதான். இரண்டு வருஷம் கழித்து, 1924 ஏப்ரலில், ஃபுனாகோஷி தன் மாணவர்கள் ஏழு பேருக்கு முதல் டான் கொடுத்தார். ஜூடோவின் சட்டை, ஜூடோவின் பெல்ட், ஜூடோவின் டான் எல்லாம் அப்படியே கராத்தேக்கு வந்தன. எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று இல்லை. கோஜு-ரியூவைத் தொடங்கிய சோஜுன் மியாகி தன் வாழ்நாளில் ஒரு மாணவருக்கும் டான் கொடுக்கவில்லை. இன்று அவர் வழியில் வந்த கிளாஸ்கள் உலகம் முழுக்க டான் கொடுக்கின்றன, எல்லாம் அவருக்குப் பின்னால் வந்த ஏற்பாடு.

ஆக, ஆயிரம் வருஷப் பாரம்பரியம் என்று நோட்டீசில் போடுகிற கலர் வரிசைக்கு வயது நூறு வருஷத்துக்குப் பக்கம். அதுவும் ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கி, வாங்கும்போது அவரவர் வசதிக்கு மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு குருவும் தனியாகப் பிரிந்து தன் பெயரில் ஒரு வழி தொடங்கியபோது பெல்ட் வரிசையையும் கூடவே எடுத்துப்போனார், நடுவில் இரண்டு நிறத்தை இடம் மாற்றினார். மசுதாத்சு ஓயாமா ஃபுனாகோஷி வழியும் கோஜு-ரியூவும் கற்றவர். 1964-ல் கியோக்குஷின் என்ற பெயரில் தன் அமைப்பை நிறுவினார். அந்த வழியில்தான் நீலம் மஞ்சளுக்குக் கீழே நிற்கிறது. அப்படி வைத்ததைத் தப்பு என்று சொல்ல மேலே யாரும் இல்லை.

"சிவப்பை எடுத்துக்கோ" என்று சின்னவளிடம் சொன்னேன். ஒரு நிறத்தைப் பின்தொடர்ந்து போனால் இது நன்றாகப் புரியும். ஜூடோவில் சிவப்பு பெல்ட் கட்டியவர் அறுபது வருஷம் பாயில் விழுந்து எழுந்த கிழவராக இருப்பார், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். டேக்வாண்டோவில் சிவப்பு கட்டியவள் கறுப்புக்கு இன்னும் தேர்வு எழுதாத மாணவி, உன்னைவிட இரண்டு வயது பெரியவளாக இருக்கலாம். கொரியாவிலிருந்து வந்த அந்தக் கலையின் ஒரு பிரிவில் நிறங்களுக்கு அர்த்தமும் சொல்வார்கள்: வெள்ளை ஒன்றும் அறியாத நிலை, மஞ்சள் விதை வேர் பிடிக்கிற மண், பச்சை முளை, நீலம் செடி எட்டிப் பிடிக்கிற வானம், சிவப்பு அபாயம். பலம் வந்துவிட்டது, அடக்கம் இன்னும் பழகவில்லை, எதிரே நிற்பவர் கவனமாக இருங்கள் என்பது அந்தச் சிவப்பு. கராத்தே போட்டிக்குப் போனால் சிவப்புக்கு அர்த்தமே கிடையாது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் சிவப்பு, இன்னொருவர் நீலம். நடுவருக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரிவதற்கு மட்டும். அவர்கள் எத்தனையாவது டான் என்று அந்த பெல்ட் சொல்லாது.

கிழவரின் சிவப்பும், கறுப்புக்குக் காத்திருக்கிறவளின் சிவப்பும், மேடை ஓரத்துச் சிவப்பும் கடையில் ஒரே சாயத்தில் வருகிற துணிதான்.

காலக் கணக்கும் இப்படித்தான் கலைக்குக் கலை ஆளை ஏமாற்றும். பிரேசிலின் ஜியு-ஜிட்சு ஜூடோவின் பேரப்பிள்ளை. கொடோகானில் பயின்ற மித்சுயோ மயேதா 1914-ல் பிரேசிலுக்குப் போய், பின்னர் பெலெம் நகரில் கார்லோஸ் கிரேசிக்குக் கற்றுக்கொடுத்ததில் வளர்ந்தது. அங்கே பெரியவர்களுக்கு ஐந்தே நிறம்: வெள்ளை, நீலம், ஊதா, பிரவுன், கறுப்பு. நிறம் குறைவு, தூரம் அதிகம். அந்தக் கலையின் பெரிய சர்வதேச அமைப்பின் விதிப்படி நீலத்தில் குறைந்தது இரண்டு வருஷம், ஊதாவில் ஒன்றரை வருஷம், பிரவுனில் ஒரு வருஷம். கறுப்புக்கு 19 வயதாவது ஆகியிருக்க வேண்டும். இதெல்லாம் குறைந்தபட்சம், பெரும்பாலானவர்களுக்குக் கறுப்பு வரப் பத்து வருஷம் பக்கம் ஆகிவிடுகிறது. பல கிளாஸ்களில் எக்ஸாம் கூடக் கிடையாது. ஒரு நாள் பயிற்சி முடிகிற நேரம் ஆசிரியர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், பழைய பெல்ட்டை அவிழ்த்துப் புதியதைத் தன் கையாலேயே கட்டிவிடுவார். கறுப்பு வாங்கிய பின் சிவப்பும் கறுப்பும் கலந்த பெல்ட்டுக்குப் போக இன்னும் 31 வருஷமாவது ஆகும். ஜப்பானில் 16 வயதுப் பையன் கட்டுகிற ஜூடோ கறுப்பையும் ரியோவில் 32 வயதுக்காரர் கட்டுகிற ஜியு-ஜிட்சு கறுப்பையும் பக்கத்தில் வைத்து எது பெரிசு என்று கேட்பதில் பொருளே இல்லை. முதலாமவர் வாசலில் நுழைகிறார். இரண்டாமவர் வீட்டுக்குள் பத்து வருஷம் குடியிருந்தவர்.

இதற்கு நேர் எதிராக இடுப்பில் எதையுமே காட்டாத வீடும் இருக்கிறது. கெண்டோவில், அதாவது ஜப்பானிய வாள்பயிற்சியில், டான் உண்டு, பெல்ட் கிடையாது. வயிற்றுக்குக் கீழே தொங்குகிற காப்புத் துணியில் பேரும் ஊரும் வெள்ளை எழுத்தில் இருக்கும், படிநிலை இருக்காது. எட்டாம் டான்தான் இன்று அங்கே எட்டக்கூடிய உச்சம். ஏழாம் டான் வாங்கிப் பத்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், வயது 46 நிரம்பியிருக்க வேண்டும், அதற்கப்புறமும் நூறு பேர் தேர்வுக்கு வந்தால் ஒருவர் தேறுவது பெரிது. அப்படித் தேறியவர் அடுத்த நாள் பயிற்சிக்கு வரும்போது உடையில் ஒன்றும் மாறியிருக்காது. எதிரே வாளை நீட்டி நிற்கிறவருக்கு இரண்டு நொடியில் தெரிந்துவிடும். எனக்கு இந்தக் கெண்டோ வழியின்மேல் மரியாதை அதிகம், ஆனாலும் பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது என்றும் தெரியும். டோக்கியோவின் ஐக்கிடோ தலைமைக் கூடத்திலும் பெரியவர்களுக்கு நடுவில் நிறங்கள் இல்லை. வெள்ளை, அப்புறம் நேராகக் கறுப்பு.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "எல்லாம் சரி தம்பி. ஆனா திறமை இருந்தா படி கொடுத்துத்தானே ஆகணும்?"

அங்கேதான் எனக்குக் கெய்கோ ஃபுக்குதாவின் ஞாபகம் வந்தது. கனோவுக்கு ஜுஜுத்சு சொல்லிக்கொடுத்த ஹச்சினோசுகே ஃபுக்குதாவின் பேத்தி. 1935-ல் கொடோகானில் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். 1953-ல் ஐந்தாம் டான் வாங்கினார். அதற்கு மேல் பெண்களுக்குக் கிடையாது என்பது அந்த வீட்டு விதி. கற்றார், கற்பித்தார், அமெரிக்கா போய் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். 1972-ல் விதி தளர்ந்த பிறகுதான் ஆறாம் டான் கிடைத்தது. இடையில் பத்தொன்பது வருஷம். அந்தப் பத்தொன்பது வருஷமும் அவர் கை ஒரே இடத்திலா நின்றிருக்கும்? அந்தக் காலத்தில் பெண்கள் கட்டிய கறுப்பு பெல்ட்டின் நடுவில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு வேறு ஓடியது, ஆண்களின் கறுப்பு அல்ல இது என்று தெரிவதற்கு. 2006-ல் கொடோகான் அவருக்கு ஒன்பதாம் டான் கொடுத்தது. 2011-ல் அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் டான் கொடுத்தபோது அவருக்கு வயது 98. இரண்டு வருஷத்தில் காலமானார்.

"பெல்ட் திறமையைக் காட்டும்கிறது பாதிதான்கா. மீதிப் பாதி அந்த வீட்டு விதியைக் காட்டும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மகள் கேட்டாள், "அவங்க விட்டுட்டுப் போகலையா மாமா?" இல்லை. தொண்ணூற்றொன்பது வயதில் இறக்கும்வரை ஜூடோவை விடவில்லை.

இனி சின்னவளின் வெள்ளைக்கு வர வேண்டும். அதற்கு நான் என் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

பத்தாம் வகுப்பில் நான் சேர்ந்த முதல் கிளாஸில் மூன்று மாதத்துக்கு ஒரு எக்ஸாம். ஃபீஸ் கட்டியவர் யாரும் ஃபெயிலானதை நான் பார்த்ததில்லை. ஒன்றரை வருஷத்தில் பிரவுன் பெல்ட் வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. கல்லூரிக்கு வேறு ஊர் போனதும் அங்கே ஒரு கிளாஸைத் தேடிப் போய் என் பிரவுனையே கட்டிக்கொண்டு நின்றேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, வரிசையில் பிரவுன்களோடு நிறுத்தினார். குமிதே, அதாவது இருவர் எதிரெதிரே நின்று மோதும் பயிற்சி, ஆரம்பித்தது. எதிரில் நின்ற அண்ணன் நல்ல மனிதர், கோபமே வராதவர். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தார். பிரவுன் என்றால் இந்த வேகத்தைத் தாங்குவான், இந்த உதையைத் தடுப்பான் என்று அவருக்குத் தெரிந்த கணக்கில் உதைத்தார். எனக்குத் தடுக்கத் தெரியவில்லை. விலா எலும்பில் விரிசல். ஆறு வாரம் மல்லாந்து படுக்கவும் முடியாது, தும்மவும் பயம். பெரிதும் வருந்தியவர் அவர்தான், அவர் மேல் தப்பே இல்லை. என் இடுப்பில் இருந்த துணி அவரிடம் பொய் சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து பெல்ட்டை நான் அப்படித்தான் பார்க்கிறேன். கட்டுகிறவருக்கு அது அலங்காரமாகத் தெரியலாம். எதிரே நிற்கிறவருக்கு அது சேதி. இவ்வளவு வேகத்தில் அடிக்கலாம், இன்ன முறையில் தூக்கிப் போடலாம், இவளுக்கு விழத் தெரியும், இவனுக்கு இன்னும் தெரியாது, பார்த்துச் செய் என்கிற சேதி. ஜியு-ஜிட்சுவில் பெல்ட்டைப் பார்த்துத்தான் போட்டியில் யாரோடு யார் என்பதே முடிவாகிறது. நீலம் நீலத்தோடு, ஊதா ஊதாவோடு. சேதியை அனுப்புகிறவரும் படிக்கிறவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தால்தான் அது சரியாகப் போய்ச் சேரும்.

சின்னவளை எழுப்பி நிறுத்தி, "கரூர்ல குமிதே எப்படிப் பண்ணுவீங்க, என் கைய குத்து" என்று உள்ளங்கையை நீட்டினேன். அழகான குத்து. இடுப்பு திரும்பியது, முழங்கை விலகவில்லை, தோள் உயரவில்லை. கை நேராக வந்து என் உள்ளங்கைக்கு ஒரு விரல்கடை முன்னால் டக்கென்று நின்றது. யாரோ ஒருவர் மூன்று வருஷம் சிரத்தையாக உட்கார்ந்து கற்றுக்கொடுத்திருக்கிறார். பாயிண்ட் முறைக் கராத்தேயின் கட்டுப்பாடு அது. படுகிற இடத்துக்கு முன்னால் நிறுத்தத் தெரிவதுதான் அங்கே திறமை.

"பாருங்கக்கா, இவளோட பச்சை பொய் இல்லை. அந்த வீட்டுப் பச்சை. ஆனா இப்ப சேர்ந்திருக்கிற கிளாஸ்ல குத்து நிக்காது. முகத்துல கையால குத்தக் கூடாது, ஆனா நெஞ்சுலயும் வயித்துலயும் நிஜமாவே குத்துவாங்க, தொடையில உதைப்பாங்க. வாங்கிப் பழகணும், கொடுத்தும் பழகணும். இவ பச்சை கட்டிக்கிட்டு நின்னா எதிர்ல இருக்கிற பொண்ணு மூணு வருஷம் தொடையில உதை வாங்கினவன்னு நினைச்சு உதைக்கும். வெள்ளை கட்டச் சொல்றது இவளைக் கீழ இறக்கறதுக்கு இல்லை. மெதுவா அடிங்கன்னு மத்தவங்களுக்குச் சொல்றதுக்கு."

அக்காவின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் அவர் விடவில்லை. "அப்ப யார் கொடுத்த பெல்ட்தான் எங்க போனாலும் செல்லும்?"

பதிவேடு யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. டேக்வாண்டோவில் கறுப்புக்கு சியோல் நகரத்தில் 1972-ல் திறந்த குக்கிவோன் ஒரே இடத்தில் பதிவேடு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறது. அந்தச் சான்றிதழ் இருந்தால் அதன் கீழ் இயங்குகிற எந்த நாட்டுக் கிளாஸிலும் ஏற்றுக்கொள்வார்கள். 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அதில் கறுப்பு நேரடியாகக் கிடையாது. பாதி சிவப்பு, பாதி கறுப்பாக 'பூம்' என்று ஒரு பெல்ட் கொடுத்து, வயது வந்ததும் டானாக மாற்றிக்கொள்ள வைக்கிறார்கள். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. பிள்ளையின் உழைப்பையும் மதிக்கிறது, வயதையும் மறக்கவில்லை. கராத்தேக்கு அப்படி ஒரே பதிவேடு இல்லை. ஷோட்டோகான், ஷிட்டோ-ரியூ, கோஜு-ரியூ, வாடோ-ரியூ என்று வழிகள் வேறு, ஒவ்வொரு வழிக்குள்ளும் அமைப்புகள் பல. உலகக் கராத்தே கூட்டமைப்பு போட்டியைப் பார்த்துக்கொள்கிறதே தவிர உங்கள் ஊர்ப் பச்சையை அது தீர்மானிப்பதில்லை. ஒரே அமைப்பின் இன்னொரு கிளைக்கு மாறினால் படி கூடவே வரும். அமைப்பு மாறினால் புது மாஸ்டரின் மனசு.

"மாஸ்டர்கிட்ட சண்டை போடாம சில விஷயம் கேளுங்க. இந்தப் படியைத் தாண்ட என்னென்ன கட்டா, அதாவது அசைவு வரிசை, தெரியணும், எத்தனை மாசம், எக்ஸாம் ஃபீஸ் எவ்வளவு, யாராவது ஃபெயில் ஆகியிருக்காங்களான்னு கேளுங்க. ஃபெயிலே கிடையாதுன்னு பெருமையா சொன்னா யோசிங்க. முன்னாடி கத்துக்கிட்டது இருக்கிறதால சீக்கிரம் பார்த்து மேல ஏத்துவீங்களான்னும் கேளுங்க. நல்ல மாஸ்டர்னா ரெண்டு மூணு மாசம் பார்த்துட்டு அவரே சொல்வார். முக்கியமா ஒரு நாள் ஓரமா உட்கார்ந்து வெள்ளை கட்டின பிள்ளைகளைப் பெரிய பெல்ட் பிள்ளைங்க எப்படி நடத்துதுன்னு பாருங்க."

"நோட்டீஸ்ல ரெண்டு வருஷத்துல பிளாக் பெல்ட் கேரண்டின்னு இன்னொரு கிளாஸ்காரன் கொடுத்தான் தம்பி."

"அங்க வேணாம்" என்றேன்.

மணி ஏழு ஆகியிருந்தது. அக்கா எழுந்து டம்ளர்களை எடுத்துப் போய்க் கழுவப் பார்த்தார், நான் தடுத்தும் கேட்கவில்லை. சின்னவள் என் கறுப்பைச் சுருட்டிப் பத்திரமாக மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் பச்சையைக் கையில் எடுத்தாள்.

"அப்ப இதை என்ன பண்றது மாமா? மறுபடி பச்சை வாங்கினா இதையே கட்டிக்கலாமா?"

"வேணாம். அதுக்கு இவங்க வேற பச்சை கொடுப்பாங்க. இதை பீரோல வை. பொங்கல் லீவுக்குக் கரூர் போறீங்கல்ல? அன்னிக்கு உன் பழைய கிளாசுக்குப் போ. இதைக் கட்டிக்கிட்டுப் போய் உன் மாஸ்டருக்கு வணக்கம் சொல்லிட்டு, உன் இடத்துல நில்லு."

"வெள்ளையோட போகக் கூடாதா?"

"அங்க நீ பச்சைதானே."

அவள் அதை இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, முனைகள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் துணிப்பைக்குள் வைத்தாள். பிறகு படியேறும்போது அம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது: வெள்ளை பெல்ட் புதுசா வாங்கணுமா, இல்லை முதல்ல சேரும்போது கட்டினது இன்னும் பெட்டியில இருக்கா.